ராணுவ சேம்பரில் குறி கூட்டுவது எப்படி: .303 லீ-என்ஃபீல்டுக்கான முழுமையான ரீலோடிங் வழிகாட்டி

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிளான .303 லீ-என்ஃபீல்ட் ஒன்றை ஆசையாக வாங்குவார்கள். கடையில் கிடைத்த தோட்டாவைப் போட்டு நூறு மீட்டரில் சுடுவார்கள். ஐந்து துளைகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும். "கிழட்டுத் துப்பாக்கி, இவ்வளவுதான் வரும்" என்று அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், இது அந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் அநியாயம். குழல் நன்றாக இருந்தும் சிதறுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் தோட்டாவுக்கும் அது உட்காரும் அறையான சேம்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இருக்கும். அந்த இடைவெளியை, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைக்கும் ரீலோடிங் மேசையில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம்.

முதலில் சட்டம். இது கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்து, அங்குள்ள விதிகளின்படி தோட்டா ரீலோட் செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். அங்கே இருப்பவர்கள் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தனை கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சின்ன எடை அளவு) மருந்து போடுங்கள் என்ற அளவு எதுவும் இதில் இருக்காது. அதை மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். இணையத்தில் யாரோ சொன்ன அளவை நம்பி மருந்து நிரப்பாதீர்கள்.

சேம்பர் ஏன் இவ்வளவு தளர்வாக இருக்கிறது?

.303 தோட்டாவை பிரிட்டிஷ் ராணுவம் 1888-ல் ஏற்றுக்கொண்டது. முதலில் கரிமருந்து, கொஞ்ச காலத்தில் கார்டைட். கார்டைட் என்பது மெல்லிய குச்சிகளாக இருக்கும் மருந்து. குச்சிக்கட்டைக் கூட்டுக்குள் வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தையே ஒடுக்குவார்கள். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஆலை 1903-ல் தொடங்கப்பட்டது இந்த மருந்துக்காகத்தான். ரைஃபிள்கள் இங்கிலாந்தில் மட்டுமின்றி வங்காளத்தின் இஷாப்பூர், ஆஸ்திரேலியாவின் லித்கோ, கனடாவின் லாங் பிராஞ்ச், அமெரிக்காவின் சாவேஜ் ஆலைகளிலும் லட்சக்கணக்கில் உருவாயின.

ஒரு நாட்டில் செய்த தோட்டா இன்னொரு நாட்டில் செய்த துப்பாக்கியில் சேறும் மணலும் படிந்த நிலையிலும் உள்ளே போக வேண்டும், சுட்ட பிறகு சிக்காமல் வெளியே வர வேண்டும். ராணுவத்துக்கு அதுதான் முக்கியம். அதனால் சேம்பரைத் தாராளமாகக் குடைந்தார்கள். சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்துவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சிப்பாய் அதைத் தரையில் விட்டுவிட்டுப் போய்விடுவான்.

புதுக் கூடு ஒன்றையும் அதே ரைஃபிளில் ஒருமுறை சுட்ட கூடு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். புதுக் கூட்டில் உடலிலிருந்து கழுத்துக்குச் சரியும் தோள் தாழ்ந்து இருக்கும். சுட்டதில் தோள் மேலே ஏறி, விளிம்பு கூர்மையாகி, உடலும், கூட்டின் அடியில் துருத்தி நிற்கும் விளிம்பான ரிம்முக்குச் சற்று மேலே லேசாகப் பருத்திருக்கும். அளவுகோலே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும்.

உள்ளே நடப்பது இதுதான். .303 ரிம் உள்ள தோட்டா. சேம்பருக்குள் அதை நிறுத்துவது தோள் இல்லை, ரிம். போல்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) முகத்துக்கும் ரிம் வந்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். ராணுவ அளவில் அது 0.064 அங்குலத்திலிருந்து 0.074 அங்குலம் வரை இருக்கலாம். உங்கள் துப்பாக்கியில் 0.070, கூட்டின் ரிம் தடிமன் 0.058 என்று வைத்துக்கொள்வோம். கூடு முன்னும் பின்னும் 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர் ஆடும். சுத்தி ஊசி அடிக்கும்போது கூடு முன்னால் தள்ளப்படுகிறது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறியதும் கூட்டின் மெல்லிய முன்பகுதி விரிந்து சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி விரிவதில்லை, போல்டை நோக்கிப் பின்னால் போகிறது. முன்பாதி அசையாமல் நிற்க, பின்பாதி நகர, இரண்டும் சேரும் இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிகிறது.

போதாததற்கு, லீ-என்ஃபீல்டில் போல்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது. அழுத்தத்தில் போல்டும் அதைத் தாங்கும் உடல்பகுதியான பாடியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இழுபடுவது இன்னும் கூடும்.

இப்போது அந்தக் கூட்டை, முழு நீளத்துக்கும் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான ஃபுல் லெங்த் டையில் முழுக்க அழுத்தினால் என்ன ஆகும்? ஏறிய தோளை மறுபடி கீழே தள்ளிவிடுகிறோம். அடுத்த முறை சுடும்போது அது மறுபடி ஏறும், பித்தளை மறுபடி இழுபடும். இப்படியே போனால் மூன்று, நான்கு சுடுதலில் கூடு இரண்டாக முறியும். அடி கையில் வரும், மீதி சேம்பருக்குள் மாட்டிக்கொள்ளும். குறியும் கெடும்: தளர்ந்த அறையில் தோட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சாய்ந்து கிடந்தால், குண்டு குழலுக்குள் நேராக நுழைவதற்கு உத்தரவாதமே இல்லை.

ஆக, கூட்டை அந்த ஒரு சேம்பருக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆக்க வேண்டும். அப்புறம் அந்த அளவைக் கெடுக்காமல் காப்பாற்ற வேண்டும். நல்ல குண்டு, நல்ல மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான் பேசும்.

படி 1: துப்பாக்கியைச் சோதியுங்கள்

ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்து அளவெடுங்கள், அல்லது துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பாருங்கள். 0.064 கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடக்கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள். லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 ரகத்தில் போல்டின் முனைத் துண்டான போல்ட் ஹெட் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு வரும். எண் கூடக் கூட நீளம் கூடும். நீளமானதாக மாற்றி ஹெட்ஸ்பேஸைக் குறைக்கலாம். ஆனால் கேஜ் சரியாகக் காட்டும்போது, கூடு நீளுகிறதே என்று இதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கூடு நீளுவதில் தோளுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்துக்கும் பங்கு உண்டு. போல்ட் ஹெட் அதைத் தொடாது.

குழலின் வாய் விளிம்பு அடிபட்டிருக்கிறதா, மரக்கட்டையின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நம்பர் 4-ல் முன்கட்டை குழலின் முனையைச் சில பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்க வேண்டும். காய்ந்து சுருங்கிய கட்டையில் இந்தத் தாங்கல் போய்விடும். அப்படி இருந்தால் எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது. செம்புப் படிவை நன்றாக எடுத்துவிடுங்கள். பல பழைய குழல்களில் பல ஆண்டுப் படிவு இருக்கும். துணி பச்சையாக வருவது நிற்கும் வரை விடாதீர்கள்.

படி 2: குழலை அளவெடுங்கள்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டவே கூடாது. .303 என்று பெயர் இருந்தாலும் குண்டின் விட்டம் 0.311 அல்லது 0.312 அங்குலம். போர்க்கால அவசரத்தில் செய்த குழல்களில் காடி (குழலுக்குள் சுழன்று ஓடும் பள்ளம்) விட்டம் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். போதாக்குறைக்கு, சூடாக எரியும் கார்டைட் பல குழல்களின் தொண்டையை, அதாவது சேம்பரை அடுத்துக் குழல் தொடங்கும் இடத்தை, அரித்து வைத்திருக்கும்.

தூண்டிலுக்குக் கட்டும் மிருதுவான ஈயக்குண்டு ஒன்றை எடுங்கள். அது குழலைவிட ஒரு பொட்டு பெரிதாக இருக்க வேண்டும். போல்டைக் கழற்றிவிட்டு, குழலில் எண்ணெய் தடவி, குண்டை முனையில் வைத்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டி உள்ளே இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் சேம்பர் பக்கம் தள்ளி வெளியே எடுங்கள். தள்ளும்போது கையில் உணர்வது முக்கியம். ஒரே சீராக இறுகிப் போனால் குழல் நல்லது. நடுவில் சட்டென்று தளர்ந்தால் அந்த இடத்தில் குழல் விரிந்திருக்கிறது. வெளியே வந்த ஈயத்தில் காடிகள் பதிந்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளவெடுங்கள். ஐந்து காடிக் குழலில் காடிக்கு எதிரே காடி வராது என்பதால் அளவெடுப்பது சிரமம், பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வந்த இரண்டு காடிக் குழல் என்றால் நேராகவே அளக்கலாம்.

காடி விட்டம் 0.312-க்குள் இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் 0.311 குண்டைவிட 0.312 குண்டு நல்லது. இன்னும் அகலமென்றால் அடிப்பாகம் தட்டையான குண்டை மட்டும் போடுங்கள். அழுத்தத்தில் தட்டை அடி சற்று விரிந்து காடியை அடைத்துக்கொள்ளும். படகு வடிவ அடி தேய்ந்த குழலில் அந்த வேலையைச் செய்யாது. 1910-ல் வந்த மார்க் 7 ராணுவத் தோட்டாவின் 174 கிரெய்ன் குண்டுக்கும் தட்டை அடிதான்.

படி 3: கூடு

பாக்ஸர் வகை பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) போடும் கூடு மட்டும். பழைய ராணுவத் தோட்டாக்களின் கூடு பெரும்பாலும் பிரைமரை எளிதில் மாற்ற முடியாத பெர்டன் வகை. பிரைமரும் துருப்பிடிக்க வைக்கும் ரகமாக இருக்கலாம். ஒரே கம்பெனி, ஒரே லாட் வாங்குங்கள். செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் கூடு .303-க்கு உறுதியானது, விலையும் நியாயம். அமெரிக்க, ஐரோப்பியக் கூடுகளும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கலந்து போடாதீர்கள். சுவர்த் தடிமன் வேறு, உள்ளே கொள்ளளவு வேறு, ஒரே மருந்து அளவுக்கு அழுத்தமும் வேறாகும்.

வாங்கியதும் காலிபரை எடுத்து ரிம் தடிமன் பாருங்கள். அதிகபட்சம் 0.064 அங்குலம், பல கூடுகள் அதைவிட மெலிசாகத்தான் இருக்கும். தடித்த ரிம் உள்ளவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், உங்கள் சிறந்த கூடுகள் அவைதான். கூட்டை எடை போட்டுப் பிரிப்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். இரும்பு சைட் (லென்ஸ் இல்லாமல் குறி பார்க்கும் அமைப்பு) வைத்த ராணுவ ரைஃபிளில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியாது. ரிம் தடிமனின் பலன் தெரியும்.

படி 4: முதல் சுடுதல்

கூட்டின் ஆயுளில் பாதியைத் தீர்மானிப்பது இந்த முதல் சுடுதல்தான். தோளுக்கு முன்னால் இடம் காலியாக இருக்கும்போது கூடு எங்கே நீள வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அடியில் இழுபட்டு மெலியக்கூடாது, தோள் முன்னால் போய் நிரப்ப வேண்டும். அதற்குக் கூட்டின் அடி போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும்.

குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் ஒன்று போதும். தோட்டாவின் மேல் மாட்டி, ரிம்முக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். போல்டை மூடும்போது ரப்பர் நசுங்கி, கூட்டைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். ஊசி அடித்தாலும் கூடு முன்னால் ஓடாது. போல்ட் லேசான தடையோடு மூட வேண்டும். வலுக்கட்டாயமாக மூட வேண்டியிருந்தால் ரிங் தடிமன் அதிகம், மெலிசானதாக மாற்றுங்கள். தோட்டாவை மேகசினிலிருந்து ஏற்றாதீர்கள், ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் வையுங்கள். மருந்து கையேட்டின் தொடக்க அளவுக்குப் பக்கத்தில், மிதமாக இருக்கட்டும்.

சேம்பரும் கூடும் உலர்ந்து இருக்க வேண்டும், ஒரு துளி எண்ணெயும் கூடாது. எண்ணெய் இருந்தால் கூடு சுவரைக் கவ்வாது, முழு விசையும் போல்டின் மேல் விழும். அந்தக் கால பிரிட்டிஷ் சோதனைகளில் துப்பாக்கியின் தாங்குதிறனைப் பார்க்க எண்ணெய் தடவிய தோட்டாவையும் வைத்துச் சுட்டார்கள். அவ்வளவு சுமை ஏறும் என்பதால்தான் அப்படி.

சுடும் முன் ஒவ்வொரு கூட்டின் ரிம்மிலும் சின்ன அரத்தால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மேலே பார்க்கும்படி வைத்துச் சுடுங்கள். லீ-என்ஃபீல்ட் சேம்பர் பல நேரம் நேர் வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கூடும் அந்தச் சாய்வுக்கே உருவாகும். அடுத்த முறை அதே கோடு மேலே வரும்படி வைத்தால் அச்சாகப் பொருந்தும். சாய்ந்த சேம்பரில் இது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதைச் செய்து பார்ப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

படி 5: கூட்டை உள்ளே பாருங்கள்

ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்குத்தாக மடியுங்கள். கூட்டின் வாய் வழியாக உள்ளே விட்டு, அடிவரை கொண்டுபோய், சுவரை உரசிக்கொண்டே மேலே இழுங்கள். அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் சட்டென்று தட்டினால் அந்தக் கூடு முறியத் தயாராகிவிட்டது. வெளிப்பக்கம் அதே உயரத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். தெரிந்தால் இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். யாரும் எடுத்து மறுபடி நிரப்பிவிடக்கூடாது.

ஒரு கூட்டைத் தியாகம் செய்து ஹேக்ஸாவால் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். அடியில் தடித்த பித்தளை சரிவாக மெலிந்து சுவராக மாறும் இடம், அதற்குச் சற்று மேலே உள்ளிருந்து விழுந்திருக்கும் மயிரிழைப் பள்ளம், எல்லாம் வெட்டு முகத்தில் தெரியும். பேப்பர் கிளிப் எதைத் தொடுகிறது என்று அன்றைக்குப் பிடிபடும்.

படி 6: சைசிங்

ரைஃபிள் ஒன்றுதான், கூடும் அதில் சுட்டதுதான் என்றால் கழுத்தை மட்டும் சைஸ் செய்யுங்கள், அதாவது டையில் அழுத்திச் சுருக்குங்கள். உடலையும் தோளையும் தொடாதீர்கள். இனி தோட்டாவை நிறுத்துவது ரிம் இல்லை, சேம்பரோடு ஒட்டிய தோள்தான். ஹெட்ஸ்பேஸ் 0.070 என்பதெல்லாம் இந்தக் கூட்டுக்குப் பொருட்டே இல்லாமல் போகிறது.

இதற்கு எனக்குப் பிடித்தது கோலெட் வகை டை. நடுவில் நிற்கும் தண்டின் மேல் கழுத்தைச் சுற்றிலும் இருந்து அழுத்தும். எண்ணெய் தடவ வேண்டாம். சாதாரண டையில் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்தை இழுத்துக் கோணலாக்குமே, அந்தத் தொல்லை இல்லை. குண்டு விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் சுமார் 0.002 அங்குலம் குறைவாக இருந்தால் போதுமான பிடிப்பு.

நாலைந்து முறை கழுத்தை மட்டும் சைஸ் செய்தபின் போல்ட் மூட இறுகும். உடல் வளர்ந்துவிட்டது என்று பொருள். இப்போது ஃபுல் லெங்த் டையைப் பாதி மட்டும் பயன்படுத்த வேண்டும். தோளில் மார்க்கர் மை பூசி, டையை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரிலிருந்து நன்றாக மேலே தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திருகுங்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டைத் துடைத்து, சேம்பரில் வைத்து போல்டை மூடிப் பாருங்கள். முதலில் இன்னும் இறுகும், ஏனென்றால் உடல் சுருங்கும்போது தோள் மேலே தள்ளப்படுகிறது. பயப்படாமல் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். தோளில் மை உரசிப் போய், போல்ட் விரல் நுனித் தடையோடு மூடும் இடத்தில், டையை அசையாமல் நிறுத்தும் லாக் ரிங்கை இறுக்குங்கள். தோள் 0.001, 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும். டையோடு வரும் காகிதத்தில் "ஷெல் ஹோல்டர் தொடும் வரை இறக்கி, இன்னும் கால் சுற்று" என்று போட்டிருப்பார்கள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா நுழையட்டும் என்பதற்கான அளவு அது. ராணுவ சேம்பரில் கூட்டைக் கொல்வதும் அதுதான்.

படி 7: நீளம், வாய், கழுத்து

கூட்டின் அதிகபட்ச நீளம் 2.222 அங்குலம். தாண்டினால் 2.212-க்கு வெட்டி, வாயை உள்ளும் வெளியும் லேசாகச் சீவுங்கள். நீளம் கூடினால் கழுத்து சேம்பர் முனையில் நசுங்கிக் குண்டைக் கவ்விக்கொள்ளும், அழுத்தம் ஆபத்தாக ஏறும்.

மூன்று நான்கு சுடுதலுக்கு ஒருமுறை கழுத்தைப் பதப்படுத்துவது நல்லது. அடியைத் தண்ணீரில் நிறுத்தி, கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடி சூடாக்க வேண்டும். செக்கச் சிவக்க விடக்கூடாது. அடிப்பாகம் சூடேறி மெத்தென்று ஆகிவிட்டால் அந்தக் கூடு ஆபத்து, தூக்கிப் போடுங்கள்.

பிரைமர் பாக்கெட்டைச் சுத்தம் செய்து, பிரைமரை அடி மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி அழுத்துங்கள். விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

படி 8: மருந்து

.303-க்கு நடுத்தர வேகத்தில் எரியும் ரைஃபிள் மருந்து பொருந்தும். 4895, 4064, வார்கெட் போன்றவை பல கையேடுகளில் இந்தத் தோட்டாவுக்குக் கொடுக்கப்பட்டவை. உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் பொருந்தும் பக்கத்தைத் திறந்து, தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்துச் சின்னச் சின்னப் படியாக ஏறுங்கள். உச்ச அளவைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அமெரிக்கத் தர அமைப்பு .303-க்கு வைத்த உச்ச அழுத்தம் 49,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதைவிட அழுத்தம் கூடிய .308 தோட்டாவுக்கு 62,000. லீ-என்ஃபீல்டை .308 போல ஓட்ட நினைப்பவர்கள் போல்டையும் கூட்டையும் வீணாக்குவார்கள்.

மார்க் 7 தோட்டாவின் வேகம் நொடிக்கு 2,440 அடி. நம்பர் 4 சைட்டின் அளவுக் குறிகள் அந்தத் தோட்டாவுக்காக வெட்டப்பட்டவை. 174 கிரெய்ன் குண்டை அந்த வேகத்தின் பக்கத்தில் ஓட்டினால் சைட்டும் ஒத்துழைக்கும். பெரும்பாலான நல்ல குழல்கள் அதற்குச் சற்றுக் கீழேயே தங்கள் சிறந்த குழுவை (இலக்கில் துளைகள் சேர்ந்து விழும் கூட்டம்) காட்டும் என்பது என் கணிப்பு.

ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிரித்த டப்பா ஒன்று மட்டும் மேசையில் இருக்கட்டும். ஐம்பது கூட்டிலும் மருந்து போட்டபின் விளக்கைப் பிடித்து வரிசையாக உள்ளே பாருங்கள். ஒன்று காலி, ஒன்று இரட்டை என்பதெல்லாம் அங்கேயே பிடிபடும்.

வேகச் சிதறல் பற்றி லீ-என்ஃபீல்டுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பின்பூட்டுப் பாடி வளையும்போது குழலின் முனை மேல்நோக்கி அசைகிறது. மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறுவதால் சற்று உயரமான கோணத்தில் போகிறது. வேகமான குண்டு தாழ்ந்த கோணத்தில் போகிறது. தூரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுமைதானத்தில் 900, 1,000 கஜத்தில் இந்த ரைஃபிள் பெயர் வாங்கியது இதனால்தான். அதனால் நூறு மீட்டரில் மேலும் கீழும் கொஞ்சம் நீண்ட குழுவைப் பார்த்து ஒரு மருந்து அளவை உடனே ஒதுக்காதீர்கள். உங்கள் வேலை தூரத்தில் என்றால் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 9: குண்டை இருத்துவது

முழுத் தோட்டாவின் அதிகபட்ச நீளம் 3.075 அங்குலம். மேகசின் அதற்குத்தான். அரித்துப் போன தொண்டையில் குண்டு காடியைத் தொட நெடுந்தூரம் தாண்ட வேண்டும். அதைத் துரத்திக்கொண்டு குண்டை வெளியே இழுத்து இருத்தினால் கழுத்தின் பிடி போதாமல் கோணலாகும். அந்தத் துரத்தலை விட்டுவிட்டு, குண்டுக் கம்பெனி சொன்ன நீளத்தில் எல்லாவற்றையும் ஒரே சீராக இருத்துங்கள். இருத்தும்போது பாதி அழுத்தி, கூட்டை அரைச் சுற்றுத் திருப்பி, மீதியை அழுத்தினால் குண்டு நேராக நிற்கும். தட்டையான மேசையில் தோட்டாவை உருட்டி நுனி ஆடுகிறதா பாருங்கள். ஆடுவதைப் பழகுவதற்கு ஒதுக்கிவிடுங்கள். கழுத்துப் பிடி சரியாக இருந்தால் கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடக்கி இறுக்குவது, தேவையில்லை.

படி 10: சோதனை

ஐந்து ஐந்தாக, ஒரு அளவுக்குக் குறைந்தது இரண்டு குழு. மூன்று துளையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குழல் மெலிசு, சீக்கிரம் சூடாகும். கையால் தொட முடியாத சூட்டில் சுடுவது மருந்தை வீணாக்குவது. ஒரு அளவில் ஒன்று, அடுத்த அளவில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுட்டால் சூடும் களைப்பும் எல்லா அளவுக்கும் சமமாகப் போகும்.

நூறு மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 2.9 சென்டிமீட்டர். நல்ல குழலும் பொருந்திய கூடும் இருந்தால், இரும்பு சைட்டில் இரண்டு எம்.ஓ.ஏ., அதாவது ஆறு சென்டிமீட்டருக்குள் வருவதை நியாயமான இலக்காக வையுங்கள். பக்கவாட்டில் மட்டும் சிதறினால் கட்டைப் பொருத்தத்தையும் உங்கள் தோள் பிடியையும் பாருங்கள், மருந்தை மாற்றிப் பலனில்லை. நான்கு சேர்ந்து ஒன்று மட்டும் தனியே போனால் அந்தக் கூட்டை அடையாளம் வைத்து அடுத்த முறையும் பாருங்கள். மறுபடி அதே கூடு தனியே போனால் அது கூட்டின் குற்றம்.

மற்ற ராணுவ ரைஃபிள்கள்

ரிம் உள்ள 7.62x54 தோட்டா போடும் மோசின்-நாகன்ட்டுக்கு மேலே சொன்னது பெரும்பாலும் அப்படியே பொருந்தும். சுவிட்சர்லாந்தின் கே-31-க்கு நேர் எதிர்: சேம்பர் இறுக்கமானது, அங்கே தளர்வு பிரச்சினையே இல்லை.

ஆனால் எம்-1 கேரண்ட், எம்-14 வகை அரைத் தானியங்கி ரைஃபிள்களில் கழுத்தை மட்டும் சைஸ் செய்யவே செய்யாதீர்கள். போல்ட் வேகமாக வந்து மூடும்போது கூடு முழுமையாக உள்ளே போகாவிட்டாலோ, பிரைமர் துருத்திக்கொண்டிருந்தாலோ, பூட்டும் முன்பே வெடித்துவிடக்கூடும். சுத்தி ஊசி அவற்றில் சுதந்திரமாக ஆடும் வகை. அங்கே ஃபுல் லெங்த் சைசிங்கும் கடினமான ராணுவ வகை பிரைமரும் கட்டாயம், கூட்டின் ஆயுள் குறைவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கேரண்டில் மெதுவாக எரியும் மருந்து, போல்டை இயக்கும் தண்டான ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடும். அதற்கென்று தனியாகக் கொடுத்த அளவுப் பட்டியலையே பாருங்கள்.

எப்போது தூக்கிப் போடுவது

ஐம்பது கூட்டை ஒரு கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே எண்ணிக்கையில் சுட்டவையாக இருக்க வேண்டும். பெட்டியின் மேல் எத்தனை சுடுதல், எப்போது பதப்படுத்தியது, எப்போது நீளம் வெட்டியது என்று எழுதி ஒட்டுங்கள். கழுத்தில் விரிசல் வந்தால் அந்த ஒரு கூட்டை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றைப் பதப்படுத்துங்கள். பிரைமர் விரலழுத்தத்திலேயே உள்ளே போகும் அளவுக்குப் பாக்கெட் தளர்ந்தால் அந்தக் கூடும் வெளியே. அடியில் பள்ளமோ பளபள வளையமோ ஒரு கூட்டில் தெரிந்தாலும், ஐம்பதையும் பேப்பர் கிளிப்பால் தடவிப் பாருங்கள். இரண்டாவது ஒன்றிலும் தட்டினால் மொத்தக் கூட்டத்தையும் நசுக்கிப் பித்தளைக் கடையில் போட்டுவிட்டு, புதிய ஐம்பதுக்கு ஓ-ரிங்கை எடுங்கள்.